வலப்பக்கத்துப் பாய்

அந்த ஆல்பத்தைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். வில்லுப்பாட்டும் ராக் இசையும் ஒழுங்காகச் சேர்ந்தது அதில்தான் என்கிறார்கள். சாலைக் கடைத்தெருவில் நான் மூடை இறக்கும் அரிசிக்கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில்கூட அது பாடுகிறது. அதில் ஒவ்வொரு அடி முடிந்ததும் ஒரு சின்ன மௌனம் வரும். கிடார் நின்றுவிடும், டிரம்ஸும் நின்றுவிடும். அந்த மௌனம்தான் அழகு என்று யாரோ எழுதியிருந்ததை என் மகள் போனில் வாசித்துக் காட்டினாள். அது என்னுடைய இடம்.

வில்லுப்பாட்டில் பாடுகிறவர் நடுவில், வில்லுக்குப் பின்னால் உட்காருவார். இடப்பக்கம் குடம் அடிப்பவர். வலப்பக்கம் ஜால்ராவுடன் நான். எங்கள் குழுவில் பாடுகிறவர் அண்ணாச்சி. அவர் ஓர் அடியைப் பாடி, நாணைத் தட்டும் வீசுகோலைத் தூக்குவார். நான் "ஆமா" என்பேன். நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைத் திருவிழாக்களில் பல வருடம் அதைத்தான் செய்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பெயரைச் சொல்லவே எனக்குக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம். எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது இன்னொரு காரணம். ஆனால் அண்ணாச்சியின் கோல் மேலே போனால் என் வாய் தானாகத் திறக்கும்.

அண்ணாச்சிக்குப் பிழைப்பு கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிக்கு வண்டி ஓட்டுவது. பாடிக்கொண்டே ஓட்டுவார். அந்த வண்டியில் வேலைக்குப் போய்வந்த மலையாளி ஒருவன் கிடார்க்காரன். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒத்திகைக்கு வந்து, வில்லின் தண்டில் நாணயம் அளவுக்கு ஒரு வட்டத்தை ஒட்டினான். அதிலிருந்து ஒயரை இழுத்து ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் சொருகினான். அண்ணாச்சி நாணைத் தட்டினார். வீட்டு ஓடெல்லாம் அதிர்ந்தது.

குடம் அடிக்கும் மாமா எழுந்து வேட்டியை உதறினார். "அம்மன் முன்னால வைக்கிற வில்லுடே இது. இதுல போய் பிளக்கு சொருகுதியே?"

"கொடையில மைக் செட் வைக்கோம்லா மாமா. அது என்ன, எண்ணெயிலயா ஓடுது?" என்றார் அண்ணாச்சி.

"மைக்கு வெளிய நிக்கி. இது வில்லுக்குள்ள போவுது."

துண்டில் குடத்தைக் கட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. நான் இருந்தேன். அண்ணாச்சி எங்கே உட்கார்ந்தாலும் அவருக்கு வலப்பக்கம் என் இடம் என்று நினைத்திருந்தேன்.

பதிவு கழக்கூட்டத்தில் ஒரு ஃப்ளாட்டின் உள்ளறையில் நடந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவார்களாம். அண்ணாச்சி முதல் நாளே பாடிவிட்டார். மறுநாள் என்னைக் கண்ணாடி அறையில் நிறுத்தி ஹெட்போன் மாட்டினார்கள். காதில் அவர் குரல் வந்தது. எதிரே சுவர். தூக்குவதற்குக் கோல் இல்லை. அடி எங்கே முடியும் என்பது நன்றாகத் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. திறந்தபோது நேரம் தப்பியிருந்தது. கடைசியில் கிடார்க்காரன், "சேட்டா, ஒண்ணுகூடி... இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்று காதுக்குள் கேட்டான். நான் முழுக்குரலில் "ஆமா" என்றேன். அன்று சரியாக விழுந்தது அது ஒன்றுதான்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அண்ணாச்சியும் சிரித்தார். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கிழக்கேகோட்டைக்கு பஸ் ஏறினேன். அதன்பிறகு ஒத்திகைக்குப் போகவில்லை.

ஆல்பம் வெளிவந்ததும் மாமா கடைக்கே தேடி வந்தார். "கேட்டியாடே? உன் நாக்க அறுத்து எடுத்துட்டு, உன் அண்ணாச்சி அந்த ஓட்டைய ஊருக்கெல்லாம் காட்டுதான்."

நான் கேட்டேன். அடிக்கு அடி அந்த வெற்றிடம் வந்தது. மாமா சொன்னதை நம்பினேன்.

சில வாரம் கழித்து அண்ணாச்சி போன் செய்தார். "சனிக்கிழமை சாயங்காலம் நம்ம மொத மேடை. உனக்கு இடம் போட்டிருக்கேன். வா." பார்க்கிறேன் என்றேன். போனேன், ஆனால் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

மேடையில் டிரம்ஸ், கிடார், நடுவில் வில். வலப்பக்கம் ஒரு பாய். அதன்மேல், நான் விட்டுவந்த என் ஜால்ரா. ஸ்ரீவராகம் பக்கத்திலிருந்தும் சாலைக் கடைத்தெருவிலிருந்தும் நம் நாஞ்சில் நாட்டு ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். வில் முதலில் அதிர்ந்ததுமே சிலர் எழுந்து நடந்தார்கள். "ஒயர உருவுங்கவே!" என்று ஒருவர் கத்தினார்.

அண்ணாச்சி முதல் அடியைப் பாடி, கோலைத் தூக்கி, வலப்பக்கம் திரும்பினார். பாயைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். கிடார் காத்திருந்தது. கடைசி வரிசையிலிருந்து சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்கும். அன்று என்னைத் தடுத்தது கூச்சம் இல்லை. கூச்சத்தை எனக்கு நன்றாகத் தெரியும். 'நீரும்தானே சிரித்தீர்' என்று உள்ளே ஒன்று இருந்தது. அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். கோல் கீழே இறங்கியது. மூன்றாவது பாட்டுக்குப் பிறகு அவர் வலப்பக்கம் திரும்பவே இல்லை.

முடிந்ததும் கிடார்க்காரன் என்னை வாசலில் பார்த்துவிட்டான். "சேட்டன் இங்கயா இருந்தீங்க? பாய் அங்க சும்மா கிடந்ததே."

"என் குரல் வேண்டாம்னுதானே வெட்டிட்டீங்க" என்றேன். எனக்கு அதுவே நீண்ட பேச்சு.

"வெட்டினதா? அந்த இடத்துல எல்லாம் நான் கிடார் வாசிச்சு வெச்சிருந்தேன் சேட்டா. அண்ணன் சம்மதிக்கல்ல. 'அது அவன் இடம். வந்தா அவன் சொல்லட்டும், இல்லன்னா காலியா கிடக்கட்டும்'னு சொன்னாரு. உங்களுக்காக வெளியிடறதையே தள்ளித் தள்ளிப் போட்டோம், அறியுமோ?"

எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் கேட்டதும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே கழக்கூட்டத்துக்குப் போனேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் நாலைந்து விதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஃப்ளாட்டில் வில்லுக்கு வலப்பக்கம் பாய் போட்டபடி இருந்தது. அண்ணாச்சி நாணை முறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நான் உட்கார்ந்து ஜால்ராவை எடுத்தேன்.

"நேத்து கடைசி வரிசையில இருந்தேன், அண்ணாச்சி."

"தெரியும். உன் வழுக்கைய எங்க கொண்டு ஒளிச்சாலும் தெரியும்டே." நாணை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். "வாயத் தொறப்பேன்னு நினைச்சேன்."

பிறகு பாட ஆரம்பித்தார். முதல் அடி முடிந்து கோல் மேலே போனது. நான் "ஆமா" என்றேன். குரல் கரகரத்தது. நேரம் தப்பவில்லை.

அதை ஆல்பத்திலும் சேர்த்துவிடலாமா என்று கிடார்க்காரன் கேட்டான். அண்ணாச்சி தலையை ஆட்டினார். "வேண்டாம். அது நடந்தபடியே கெடக்கட்டும்."

கெடக்கிறது. டீக்கடையில் அந்த இடம் வரும்போது, மூடை தோளில் இருந்தாலும் நான் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன்.