மண்ணாங்கட்டி கொடுத்த பேர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். புதுச்சேரி உப்பளத்தில் மாடிவீடு பதினொன்று இந்தக் கை எழுப்பியது. எஞ்சினியர் படித்தவனும் என்னிடம் வந்து சந்தேகம் கேட்பான். அப்படிப்பட்ட நான் ஒருவனைப் பற்றி எழுதுகிறேன் என்றால், அவன் லேசுப்பட்டவன் இல்லை. வைத்திக்குப்பத்தில் கிணறு தூர்வாரிக்கொண்டிருந்த மண்ணாங்கட்டி.

அவனுக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. இவன்மேல் எமனுக்கு ஆசை வரக்கூடாது என்று பெற்றவர்கள் வைத்த பேர் அது.

அவனிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. இறங்குமுன் கிணற்றுச் சுவரில் கை வைத்து, ஒரு பீடி பிடிக்கும் நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான்.

"என்னடா, ஜெபமா?" என்பேன்.

"பயம் என் வயித்துல இருக்கா, கெணத்துல இருக்கான்னு பாக்குறேன் மேஸ்திரி. வயித்துல இருந்தா எறங்கிடலாம்."

2003-இல் கடலோரத் தெருவில், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் கிளோதின் மதாம் வீட்டுக் கிணறு. ஏழெட்டு வருஷமாக மூடிக் கிடந்தது. நல்ல வெயில். மூடியைத் தூக்கியதும் முற்றத்தில் கத்திக்கொண்டிருந்த காக்கைகள் ஒரேயடியாக அடங்கின. மண்ணாங்கட்டி உட்கார்ந்தான். அரைமணி உட்கார்ந்தான்.

"கெணத்துல இருக்கு. இன்னிக்கி வாணாம்."

மதாம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு மானம் போனது. "ஒக்காந்து ஒக்காந்தே கெட்டுப்போனடா நீ," என்று கப்பிக் கயிற்றை என் இடுப்பில் கட்டினேன். உள்ளே குனிந்து, "ராஜாங்கம் வரேன்!" என்று கத்தினேன்.

அவன் முகம் செத்துவிட்டது. "பேரச் சொல்லிட்டீங்களே மேஸ்திரி!"

என் குரல் எதிரொலிக்கவே இல்லை.

பாதிக் கிணறு இறங்கியதும் கை மரத்தது. அப்போது அடியிலிருந்து, என் குரலிலேயே, நிதானமாக, "ராஜாங்கம்... வா" என்றது. போனால் என்ன என்று தோன்றியது. பயம் துளிகூட இல்லை. கல்லைப் பிடித்திருந்த கையை விட்டேன்.

கயிறு வெடுக்கென்று இழுத்தது. மேலே அவன் குரல்: "டேய் மண்ணாங்கட்டி! மேல வாடா! மண்ணாங்கட்டி!"

என்னைத்தான் அப்படிக் கூப்பிட்டான். மதாமும் கயிற்றைப் பிடித்தாராம். அரைமணி உட்கார்ந்தவன் அரை நிமிஷத்தில் என்னை வெளியே போட்டான்.

விஷவாயு என்றார் டாக்டர். இருக்கலாம். வாயு பேர் சொல்லிக் கூப்பிடுமா?

"ஏண்டா உம் பேரச் சொல்லி என்னக் கூப்ட்ட?"

"ஒங்க பேரு அதுங்கிட்ட மாட்டிக்கிச்சே. வேற பேரு வாணாமா? எங்கிட்ட இருந்தது ஒண்ணுதான்."

அதன்பின் அவன் எந்தக் கிணற்றிலும் இறங்கவில்லை. இரண்டு தடவை வீடு தேடிப் போய்க் கூப்பிட்டேன், நானே.

"பேரு இல்லாம எப்பிடி மேஸ்திரி எறங்குறது?"

என் கட்டடங்களுக்குக் காவலாக வைத்துக்கொண்டேன். அஸ்திவாரம் தோண்டுமுன் இப்போது நானும் கொஞ்சம் உட்காருகிறேன். பிறகு மண்வெட்டியைத் தொட்டால் என் வேகம் எவனுக்கும் வராது. ஆட்கள் தூரத்திலிருந்து, "மண்ணாங்கட்டி!" என்று அவனைக் கூப்பிடுவார்கள். அவன் அசையமாட்டான்.

நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.