இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளி

அண்ணன் மகளின் இருதயத்தை எந்த டாக்டரிடம் காட்டுவது என்று குலசாமியிடம் பூக்கேட்டபோது, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியையே வைத்துக் கட்டினேன். தெரிந்தேதான் செய்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். அண்ணன் மல்லசமுத்திரம் பக்கம் தோட்டம் பார்த்தார். அவர் மகளுக்கு நான்கு வயது. நாலடி ஓடினால் மூச்சிரைக்கும். சளியும் காய்ச்சலும் விட்டபாடில்லை. வீட்டில் படித்தவன் நான் என்பதால் என்னிடம் கொண்டுவந்தார்கள். சேலத்துக் குழந்தை டாக்டர் அவள் மார்பில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். இருதயத்தில் ஓட்டை இருக்கிறது, பெரிதாக இருக்கும் போலிருக்கிறது என்றார். மெட்ராஸில் குழந்தைகளின் இருதயத்தை மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் போகச் சொன்னார்.

"பெரியவங்களுக்குப் பார்க்கிற இருதய டாக்டர்கிட்டப் போய் நிக்காதீங்க. அது வேற, இது வேற. தள்ளியும் போடாதீங்க."

நான் ஈரோட்டில் பெரியவர்களுக்குப் பார்க்கும் ஒருவரிடம்தான் கூட்டிப்போனேன். "வளர வளர அடைஞ்சுக்கும், டானிக் கொடுங்க" என்றார் அவர். சின்ன ஓட்டைகள் தாமாகவே அடைவதுண்டு. இது சின்னதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

காரணம் என் தங்கை. நாமக்கல்லில் லாரி வைத்திருந்த ஒரு குடும்பத்தில் அவளுக்குச் சம்பந்தம் பேசி முடிகிற தறுவாய். எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பவர்கள் ஊர் ஊராக விசாரிப்பார்கள். குழந்தையை மெட்ராஸுக்குக் கொண்டுபோனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். 'அந்த ஊட்டுல நெஞ்சு சொத்தைங்க' என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று பயந்தேன்.

அண்ணனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஒரு டாக்டரு போங்கறாரு, இன்னொருத்தரு வேண்டாங்கறாரு. நாம என்னத்தக் கண்டோம்? பூக்கேட்டுப் போடலாந் தம்பி."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வருவதுதான் வாக்கு. வெள்ளை வந்தால் மெட்ராஸ், சிவப்பு வந்தால் ஈரோடு என்று பேசிக்கொண்டோம். பொட்டலம் கட்டப் பூசாரி மறுத்துவிட்டார்.

"நான் கட்டுனா நாளைக்கு ஒரு பேச்சு வருமுங்க. வாத்தியாரு கட்டட்டும். அவருதான் சாமியவே நம்பறதில்லையே, எந்தப் பக்கமும் சாய மாட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பி உட்கார்ந்து வாழையிலைத் துண்டில் கட்டினேன். அண்ணி அந்தக் குழந்தையையே முன்னால் விட்டார். "எது வேணுமோ எடு சாமி." அவள் இரண்டையும் பார்த்துவிட்டுச் சின்னதாக இருந்ததை எடுத்தாள். அண்ணி பிரித்துப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மிச்சத்தை நான் எடுத்துப்போய்க் கிணற்றில் போட்டேன். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

தங்கையின் கல்யாணம் நடந்தது. குழந்தைக்கு டானிக் கொடுத்தார்கள். ஏழு வயதில் அவள் உதடும் விரல்நுனிகளும் நீலம் பாய்ந்தன. அப்புறம்தான் மெட்ராஸுக்குக் கூட்டிப்போனேன். அந்த டாக்டர் நிதானமாகச் சொன்னார்: ஓட்டை வழியாக வருஷக்கணக்கில் ரத்தம் மிகுதியாகப் பாய்ந்து நுரையீரல் குழாய்கள் இறுகிவிட்டன. இனி ஓட்டையை அடைத்தால் உயிர் போய்விடும். முன்னாலேயே வந்திருந்தால் செய்திருக்கலாம். அண்ணனிடம் கடைசி வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

தங்கையின் மாமனார் குழந்தையைப் பார்க்க வந்தார். "ஏனுங்க தம்பி, மெட்ராஸ்ல எங்க லாரி புக்கிங் ஆபீஸே இருக்குதுங்களே. அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பனே. சம்பந்தம் பேசறப்பன்னு சொல்லாம விட்டுட்டீங்களாட்ட இருக்குது. பொண்ணு கட்டறதுக்கும் இதுக்கும் என்னுங்க?" என்றார். நான் அவருக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னேன்.

வருஷத்துக்கு ஒருமுறை அவளை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் வந்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, திரும்பி வரும் ரயிலில் சொன்னாள்:

"நாந்தானுங்க சித்தப்பா தப்பா எடுத்துப்புட்டேன். அந்த இன்னொண்ண எடுத்திருக்கோணும்."

வீட்டில் யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. 'அவ கையாலயே எடுத்தா' என்று வருகிறவர்களிடம் சொல்வார்கள், அவ்வளவுதான். அதைக் கேட்டே வளர்ந்திருந்தாள்.

"அதுலயும் செவப்புதான் சாமி. நாந்தான் அப்படிக் கட்டினேன்."

"ஏனுங்க?"

"உங்க அத்தை கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சேலம் வந்து இறங்கும்போது, "அம்மாகிட்டயும் சொல்லிருங்க" என்றாள்.

சொன்னேன். அண்ணன் கிணற்று மோட்டாரை நிறுத்தத் தோட்டத்துக்குப் போனார். அண்ணி, "படிச்சவருன்னுதானுங்க உங்க கையில குடுத்தோம்" என்றார்.

அடுத்த முறை மெட்ராஸ் போகவேண்டிய நாளில் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். "அவங்கப்பா கூட்டிட்டுப் போறாருங்க" என்றார் அண்ணி. பின்னாலிருந்து அவளும், "நான் உங்ககூட வரலீங்க" என்றாள். அண்ணன் அதிகம் படித்தவரில்லை. டாக்டரின் பேச்சில் பாதி ஆங்கிலம். என்ன புரிந்து வந்தாரோ தெரியாது. மாத்திரையில் சந்தேகம் வந்தால் திருச்செங்கோட்டு மருந்துக்கடையில் போய்க் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. தான் தப்பாக எடுத்துவிட்டதாக அவள் இப்போதெல்லாம் சொல்வதில்லை என்று தங்கை ஒருமுறை சொன்னாள்.

அவள் பதினேழு வயதில் இறந்தாள். எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். போனேன். சித்தப்பன் நிற்கவேண்டிய இடத்தில் அண்ணியின் தம்பி நின்றார். ஒருவர் வந்து, பந்தலில் வெளியூர்க்காரர்கள் இருந்த பக்கம் நாற்காலி போட்டு என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.