குறை சொல்லத் தெரியாத அப்பா

நான் ஒருவரைக் குளிப்பாட்டுகிறேன். குளித்தவரிடம் போய், "இந்தப் பெண் உங்களை ஒழுங்காகக் குளிப்பாட்டினாளா?" என்று இன்னொருவர் கேட்கிறார். லண்டனில் இதற்குத் தரப் பரிசோதனை என்று பெயர். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேரர் வேலை எனக்கு. மாதத்துக்கு ஒருமுறை சூப்பர்வைசர் வருவார். என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, நான் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் டெய்லரின் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த வீட்டுக் கதவுகள் பேருக்குத்தான் கதவுகள். உள்ளே பேசுவது ஒன்றுவிடாமல் கேட்கும். முதல் தடவை இப்படிக் கேட்டது: என் கை ஐஸ் மாதிரி இருக்கிறதாம். தேநீர் வாயில் வைக்க முடியவில்லையாம். துவாயை மடிக்கத் தெரியவில்லையாம். வேலை செய்யும்போது ஏதோ பாட்டை முணுமுணுக்கிறேனாம், அது தலைவலி தருகிறதாம். அன்று காலையில்தான் அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி நடந்து, குழந்தை மாதிரி சிரித்தார்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். சூப்பர்வைசர் மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார். "பிரில்லியன்ட்!" என்றார். கிண்டல் செய்கிறார் என்று எண்ணி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. எதற்கு மன்னிப்பு என்றார். மிஸஸ் டெய்லர் இவ்வளவு குறை சொல்கிறார் என்றால் உன்னைக் கண்டு அவருக்குப் பயமில்லை என்று அர்த்தம், ஒரு குறையும் இல்லை என்று சொல்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை என்றார். சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. இலங்கையில், எஹலியகொடப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த என் அப்பா, என்னிடம் ஒருநாளும் ஒரு குறையும் சொன்னதில்லை.

அப்பா இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். விடியற்காலையில் எல்லாரும் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொண்டு போவார்கள். எப்போதாவது தோட்டத்துத் துரை ஜீப்பில் வந்து, "என்ன, ஏதும் குறை இருக்கா?" என்பார். குறை சொன்னவனுக்கு மறுநாள் அட்டை மொய்க்கும் செங்குத்து மலைதான் கிடைக்கும். அதைச் செய்வது துரை அல்ல, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற கங்காணி. இரண்டு தடவை அப்படி ஏறி இறங்கியபின் அப்பாவின் வாய் அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்தபோது, தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்திலிருந்து சுனிதா என்ற பெண்ணை ஏற்பாடு செய்திருந்தேன். காலையில் வருவாள், இருட்டியதும் போவாள். அவளுடைய கைபேசிக்குத்தான் போன் எடுப்பேன். மறுநாள் காலையிலேயே போன் கார்டு வாங்கி, சூப்பர்வைசர் கேட்ட கேள்விகளை வரிசையாக அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, சாப்பாடு நேரத்துக்குக் கெடைக்குதா?"

"ஒரு கொறையும் இல்ல பாப்பா."

"ஒடம்பு தொடைச்சி விடுறாளா? பெரட்டிப் படுக்க வைக்கிறாளா?"

"ராசா மாதிரி இருக்கேன். நீ வேலையப் பாரு."

சுவரோடு பேசலாம். எனக்குத் தூக்கம் போயிற்று. லீவு கேட்டு, கடனை உடனை வாங்கி, ஒருவருக்கும் சொல்லாமல் விமானம் ஏறினேன். அது சண்டைக் காலம். வழியில் ராணுவத்தார் பஸ்ஸை நிறுத்தி, என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

அப்பா படுத்திருந்த காம்பராவுக்குள் நுழைந்ததும் நான் மகளாக இல்லை. கம்பளியை விலக்கினேன், நகத்தைப் பார்த்தேன், முதுகைத் திருப்பினேன். இடுப்புக்குக் கீழே இரண்டு ரூபாய்க் காசளவுக்கு ஒரு படுக்கைப் புண். வந்த ஆத்திரத்தில் சுனிதாவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் அழவில்லை. அவளுக்கும் என்னளவுக்கு எரிச்சல் இருந்தது.

"அக்கே, அந்த எடத்த நான் தொடப் போனா மாமா விடறதில்ல. வேட்டிய இறுக்கிப் பிடிச்சிக்குவார். வலிக்குதா கேட்டா, ஹொந்தாய். பசிக்குதா கேட்டா, ஹொந்தாய். எல்லாத்துக்கும் நல்லம், நல்லம். எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே கேளுங்க!"

கேட்டேன். புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டே, "வலிக்குதாப்பா?" என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "ஒரு கொறையும் இல்ல" என்றார். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? கையெடுத்துக் கும்பிட்டேன். "அப்பா, நான் தொரை இல்ல. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. ஒங்கள எந்த மலைக்கும் அனுப்ப மாட்டாங்க." அவர் நல்ல கையால் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, புரட்டிப் போடும் முறையைச் சுனிதாவுக்குப் பழக்கிவிட்டு, லீவு முடிந்து திரும்பினேன்.

அதற்குப் பிறகு தினமும் போன். புண் ஆறுதா? புரட்டிப் போட்டாளா? கஞ்சியா சோறா? லண்டனில் பகல் பதினொரு மணி, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம்தான் எனக்கு வாய்த்தது. ஒருநாள் என் கேள்விகளை அப்பா பாதியில் வெட்டினார்.

"கொறை சொல்லு, கொறை சொல்லுங்கிறியே. சொல்லவா?"

"சொல்லுங்கப்பா!" எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது.

"நீதான். புண்ணு ஆறிருச்சு, சுனிதாகிட்ட வலிக்கிற எடத்த நானே காட்டிட்டேன். நீ தெனம் தெனம் வந்து பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கிற மாதிரி கேக்குற. அந்தப் புள்ள வந்தா, வெத்தலய இடிச்சிக்கிட்டே அவ வீட்டுக் கதையெல்லாம் சொல்லும். ஒன் கதை என்னான்னு எனக்குத் தெரியுமா? அங்க என்னா சாப்பிடுற? எங்க நிக்கிற இப்ப?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. பஸ்ஸுக்கு நிக்கிறேன் என்று ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. குளிரைச் சொன்னேன். ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போனதைச் சொன்னேன். டெய்லரம்மாவின் வாயைச் சொன்னேன். பசி நேரத்தில் காய்ந்த ரொட்டியை நின்றபடி தின்பதைச் சொன்னேன். அப்பா ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவர் போனைத் தள்ளிப் பிடித்துச் சுனிதாவிடம் சிங்களத்தில் சொல்வது கேட்டது: பாவம், அங்கே அவளைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை.

சுனிதா 'அனே' என்று இரக்கப்பட்டாள். இரண்டு பேரும் என்னைப் பற்றியே பேசத் தொடங்கிவிட்டார்கள். போனை வைக்க மறந்துவிட்டார்கள். நான் ஏற வேண்டிய பஸ் வந்து கதவைத் திறந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார். ஏறாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றேன்.