டேங்கில் வைத்த குங்குமம்

எங்கள் சின்னப் பாய்மரப் படகின் கழிவறை டேங்க் விரிசல் விட்டதிலிருந்து, கூட வரும் பெண்கள் மூன்று பேரும் கடலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் எத்தனை முறைதான் வருவார்கள்?

புது டேங்க் வாங்க இன்று திண்டிவனம் போனேன். பிளாஸ்டிக் டேங்க் செய்யும் பட்டறை அது. சொன்ன அளவிலேயே செய்து வைத்திருந்தார் பட்டறைக்காரர். தண்ணீர் நிரப்பி, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பிறகு, பட்டறையை விட்டுப் போகும் எல்லாச் சாமானுக்கும் செய்வதுபோல, இதற்கும் மஞ்சள் பூசி நடுவில் குங்குமம் வைத்தார்.

“அண்ணே, இது கக்கூஸ் டேங்க்!”

“தெரியும்ங்க. குடிதண்ணி டேங்க் ஒழுகுனா தொடச்சிக்கினு போயிடலாம். இது ஒழுகுனா படகுல இருப்பீங்களா? இதுக்குத்தான் மொதல்ல வெக்கணும்.”

பணத்தைக் கொடுத்துவிட்டு டேங்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பும் பஸ்ஸில் அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்வந்த கூட்டம். டேங்கை மார்போடு அணைத்தபடி நின்றேன். குங்குமத்தைப் பார்த்த ஓர் அக்கா சட்டென எழுந்தார்.

“சாமி பொருள ஏங்க நின்னுக்கினே தூக்கிக்கினு வர்றீங்க? சீட்டுல வைங்க.”

வைத்தேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை படகு கிளம்புகிறது. மூன்று பெண்களும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?