முன்னாடி ஆரஞ்சு, பின்னாடி ஊதா

ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருந்தபோது தலைமைக் காவலர் யோகேஸ்வரி ஜெர்சி மூட்டையை அவிழ்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி மைதானத்தில் அன்று வாலிபால் இறுதிப்போட்டி. ராஜபாளையத்திலிருந்து மட்டும் இரண்டு வேன் ஆட்கள், தெருவுக்கு ஒன்று. ஊருணித் தெருக்காரர்கள் வேப்பமரத்தடியில், மில் தெருக்காரர்கள் கேட்டுப் பக்கம். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நாற்பதடி வெறுந்தரை.

இந்த நாற்பதடியை இல்லாமல் ஆக்கத்தான் யோகேஸ்வரி நான்கு மாதம் உழைத்திருந்தார். பொங்கல் விளையாட்டில் இரண்டு தெருப் பையன்களும் கல்லெறிந்துகொண்டார்கள். மில் தெரு மாரீஸ்வரனின் புருவத்தில் ஐந்து தையல். எறிந்தவன் ஊருணித் தெரு ஆல்வின். இரண்டு பக்கமும் மனு கொடுத்தார்கள். மாரீஸ்வரன் தீயணைப்பு வேலைக்கு எழுத்துத் தேர்வு தேறியிருந்தான். எலெக்ட்ரீசியன் ஆல்வின் துபாய் போகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான். வழக்குப் பதிந்தால் இரண்டும் அதோடு சரி.

"ஒரு டீமா ஆட வச்சிருதேன் சார், டயம் குடுங்க," என்று இன்ஸ்பெக்டர் சௌந்தரபாண்டியனிடம் போய் நின்றார் யோகேஸ்வரி. தெருவுக்கு நாலு பேர், மொத்தம் எட்டு.

"ஃபைனல் அன்னைக்கு எட்டுப் பேரும் சேர்ந்து நிக்கலேன்னா மறுநாள் காலையில எஃப்.ஐ.ஆர். போட்டுருவேன், ஏட்டம்மா. பொறவு என்கிட்ட வரக்கூடாது," என்றார் அவர்.

மகாராஜபுரத்துக் குருசாமியின் மகள் யோகேஸ்வரிக்குச் சவால் புதிதல்ல. இருபத்தொரு வயதில் காக்கி போட்டவர். முதல் பந்தோபஸ்தே ஆடிப்பூரத் தேர். கூட்டத்தில் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்பது அன்று அவர் தானாகக் கண்டுகொண்டது. கலையப்போகிற கூட்டத்தின் கால்தான் முதலில் திரும்பும்.

ஜெர்சியைக் கோடு போட்டு வரைந்து கொடுத்ததும் அவரேதான். ஊருணித் தெருக் கொடி ஆரஞ்சு, மில் தெருக் கொடி ஊதா. முன்பக்கம் ஆரஞ்சு, பின்பக்கம் ஊதா. யாருக்கும் குறையில்லை என்று நினைத்திருந்தார்.

மாரீஸ்வரன் ஜெர்சியை மாட்டினான். குனிந்து நெஞ்சைப் பார்த்தான்.

"நெஞ்சுல அவனுக, முதுகுல நாங்களா?"

"ஏலே, ரெண்டும் ஒரே அளவு துணிதாம்லே. ஸ்கேல் வச்சு அளந்தேன்."

"போட்டோவுல எது ஏட்டம்மா தெரியும்?"

ஆல்வின் சும்மா இருந்திருக்கலாம்.

"நீங்க திரும்பி ஓடும்போது உங்க கலர் நல்லாத் தெரியும்லே," என்றான்.

மாரீஸ்வரன் ஜெர்சியை உருவித் தரையில் வீசினான். மில் தெருவின் மற்ற மூன்று பேரும் தங்கள் ஜெர்சிகளைத் தொடவே இல்லை. யோகேஸ்வரி கேட்டுப் பக்கம் பார்த்தார். செருப்புகள் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.

நாலு பேர் முன்பின்னாகத் திருப்பிப் போடட்டும் என்று ஒரு யோசனை வந்தது. நடுவர் தவசிமுத்து முளையிலேயே கிள்ளினார். "எல்லாருக்கும் ஒண்ணு போல இருக்கணும் மேடம். நம்பரும் தெரியணும். இன்னும் பன்னெண்டு நிமிஷம்."

யோகேஸ்வரி குனிந்து வீசப்பட்ட ஜெர்சியை எடுத்தார். உருவின வேகத்தில் உள்பக்கம் வெளியே வந்திருந்தது. சாயம் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே சுத்த வெள்ளை.

"எல்லாரும் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கலே. ஆல்வின், உன் வண்டியில வயர் டேப் கெடக்கா?"

ஓடிப்போய்க் கறுப்பு டேப் சுருளோடு வந்தான். ஜீப் பானட்டில் ஜெர்சிகளை விரித்தார்கள். எட்டாம் எண் வளையவே மாட்டேன் என்றது.

"நேர்கோட்டு நம்பராப் போடுங்க ஏட்டம்மா," என்றான் மாரீஸ்வரன் பொறுக்க முடியாமல். 1, 4, 7, 11, 14, 17. ஆறு பேர் முடிந்தது. வெளியே உட்காரும் இரண்டு பேருக்கு 41, 44. விசில் ஊதியபோது யோகேஸ்வரி பல்லால் கடைசித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

எதிரே சுந்தரபாண்டியம் அணி. முதல் செட் அவர்களுக்கு, இரண்டாவது இவர்களுக்கு. மூன்றாவது பதினைந்து வரை. யோகேஸ்வரி கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கி, பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் போலக் கோட்டோரம் குதித்துக்கொண்டிருந்தார். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று ஆனபோது தவசிமுத்து ஆட்டத்தை நிறுத்தினார். வேர்வையில் ஆல்வினுடைய ஏழின் மேல்கோடு கழன்று விழுந்திருந்தது.

"ரெண்டு பேரு ஒண்ணாம் நம்பரா நிக்கீங்க. சரி பண்ணுங்க, இல்லே ஒரு ஆள் வெளியே."

கீழே விழுந்த டேப்பில் மண். ஒட்டவில்லை. ஒன்றாம் எண் மாரீஸ்வரன் வந்தான். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டுகிறவன். விரலில் எப்போதும் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். ஒரு விரலில் இருந்ததை உரித்து இரண்டாகக் கிழித்து, டேப்பின் இரண்டு முனையிலும் வைத்து, ஆல்வினுடைய நெஞ்சில் அழுத்தினான்.

"வலிக்குலே," என்றான் ஆல்வின்.

"எனக்கு அஞ்சு தையலு. மூடிட்டுப் பந்தைத் தூக்கிக் குடு."

தூக்கிக் கொடுத்தான். வலைக்கு ஒரு முழம் மேலே, மாரீஸ்வரனுடைய கைக்கு நேராக. அடித்த அடியில் சுந்தரபாண்டியத்துப் பையன் கையில் பட்ட பந்து தண்ணீர் டேங்க் வரை போனது. பதினான்கு. அடுத்ததும் அதே தூக்கல், அதே கை.

பதினைந்து.

யோகேஸ்வரி கூட்டத்தின் காலைப் பார்த்தார். அந்த நாற்பதடித் தரையைக் காணோம். அது முழுக்கச் செருப்புகள், எந்தத் தெருவுடையது என்று பிரிக்க முடியாமல். அவருடைய தொப்பியையும் யாரோ மிதித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் எட்டுப் பேரும் ஜெயித்த கோப்பையோடு ஸ்டேஷனுக்கு வந்தார்கள். இரண்டு மனுவையும் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் கோப்பையைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "எந்தத் தெருவுல வைக்கப் போறீங்க?"

எட்டு வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. சத்தத்தில் வாசலில் நின்ற பாராக் காவலர் எட்டிப் பார்த்தார்.

"இங்கதான் இருக்கும்," என்று யோகேஸ்வரி கோப்பையைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தார். "பாக்கணும்னா வந்து பாத்துட்டுப் போங்க."

போகிற போக்கில் மாரீஸ்வரன் திரும்பி நின்றான். "முன்பக்கம் எந்தத் தெருவைப் பாத்து வச்சிருக்கீக, ஏட்டம்மா?"

"உருண்டைலே அது," என்றார் யோகேஸ்வரி. இருந்தாலும் அவன் போன பிறகு ஒருமுறை எழுந்து போய்க் கோப்பையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டார்.