எலிக்கிட்டியும் இரண்டு கதவு வண்டியும்

இரவு நிறுத்தும்போது நிமிர்ந்து நிற்கும் என் கார், விடிந்து பார்த்தால் ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்திருக்கும். அதற்குச் சுருள் வில் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக ரப்பர் காற்றுப் பைதான். பழசான பையில் காற்று தங்காது. சாவியைத் திருகினால் உள்ளே ஒரு மோட்டார் உறுமிக் காற்றை ஏற்றும், வண்டி மெல்ல மெல்ல எழுந்து நிற்கும். கீழ்வேளூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அதைப் பார்ப்பதற்கென்றே காலையில் பால் வாங்கப் போகிற சாக்கில் நாலு பேர் வருவார்கள். வரட்டும். அவர்கள் வீட்டுப் பெட்ரோலா போகிறது?

இரண்டே கதவு, நீண்ட மூக்கு, பேருக்கு ஒரு பின்சீட்டு. பெரும் பணக்காரர்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அலுங்காமல் போய்ச் சேர்வதற்காகச் செய்த வண்டி அது. சென்னையில் மூன்று கை மாறி நாலாவதாக என்னிடம் வந்தது. புதிதாக இருந்தபோது அந்த விலைக்கு எங்கள் ஊரில் நல்ல நஞ்சை நிலமாக ஒரு வேலி, ஆறேழு ஏக்கர், வாங்கியிருக்கலாம். நான் கொடுத்தது ஒரு டிராக்டரின் விலை. ஏமாறுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வண்டிக்குத்தான் விலை இறங்கும், அதன் உதிரிபாகங்களுக்கு ஒரு நாளும் இறங்காது. யானையைச் சும்மா கொடுத்தாலும் கட்டித் தீனி போடுகிறவன் நான்தானே.

என் மனைவியின் தம்பி உரக்கடை வைத்திருக்கிறார். இந்தத் தீனிக் கணக்கை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். ஒரு காற்றுப் பையின் விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். ஒரு சர்வீஸ் போடுகிற செலவில் சம்பாவுக்கு உழவும் நடவும் முடித்துவிடலாம். டயர் திருச்சியில்கூடக் கிடைக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். ஹெட்லைட்டுக்குள் வேர்த்தால் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியாது, முழு விளக்கையும் மாற்ற வேண்டும். சாலையில் நெல் காயப்போட்டிருந்தால் ஊரார் வண்டியெல்லாம் ஓரமாக ஏறிப் போய்விடும். வண்டி தாழ்வாக இருப்பதால் நான் மட்டும் இறங்கி, குவியலை ஒதுக்கச் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான்.

ஆனால் அவருடைய கணக்கில் வராத ஒன்று இருந்தது. நான் குவைத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வீட்டு டிரைவராக இருந்தவன். முதலாளியிடம் இதே ஜாதி வண்டி ஒன்று இருந்தது. அதை அவரே ஓட்டுவார். கழுவவும் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகவும் மட்டும் சாவி என் கைக்கு வரும். சாவியோடு ஒரு பிளாஸ்டிக் உறையும் வரும். அதைச் சீட்டில் விரித்துவிட்டுத்தான் நான் உட்கார வேண்டும். அந்த வருஷமெல்லாம் நான் அந்தத் தோலைத் தொட்டது துணியால் துடைக்கும்போது மட்டும்தான். என் மனைவி அப்போது இங்கே இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்துகொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் வாங்கினேன். பிளாஸ்டிக் இல்லாமல் உட்கார்ந்தேன். பக்கத்துச் சீட்டில் அவளை உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அவள் ஏறவில்லை. கூச்சமாக இருக்கிறது, ஊர் பார்க்கும் என்று சொல்லிவிட்டுப் பழையபடி பஸ்ஸுக்கே போனாள். தம்பி பேசும்போது எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அவளும் அவர் கட்சிதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

போன சம்பா அறுவடை முடிந்ததும் வந்தது உண்மையான சோதனை. வயலில் தீனி தீர்ந்தால் எலிகள் வீட்டுப் பக்கம் வரும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். என் வண்டியின் ஒயர் அவற்றுக்கு அவ்வளவு ருசிக்கும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் காலை சாவியைத் திருகினேன். முன்னால் இருக்கிற அத்தனை எச்சரிக்கை விளக்கும் தர்கா கந்தூரி விளக்கு மாதிரி ஒரே நேரத்தில் எரிந்தன. ஒயரை மாற்றிக்கொண்டு வந்து, இனி விடுவதில்லை என்று கிட்டி வைத்தேன். மூங்கிலை வில்லாக வளைத்து, சுருக்குக் கயிறு கட்டி, பொரி போட்டு, வயலில் எலி பிடிக்க வைக்கிறோமே, அதே கிட்டிதான். பழைய மாட்டுக்கொட்டகைதான் வண்டிக்கு ஷெட். மண் தரை, ஊன்ற வசதி. முன்சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், எலி ஏறுகிற வழியாகப் பார்த்து ஊன்றினேன்.

வண்டி உட்காரும் என்பதை மறந்துவிட்டேன்.

தினமும் காலையில் அது எழுந்திருப்பதைப் பார்க்கிறவன், உட்காரும் நேரத்தில் அடியில் என்ன இருக்கும் என்று யோசிக்கவில்லை. பை இறங்க இறங்க வண்டி கிட்டியின் மேலேயே உட்கார்ந்தது. மூங்கில் உள்ளே போய்ப் பையைக் கிழித்து, ரேடியேட்டர் பைப்பையும் பிளந்துவிட்டது. காலையில் பார்த்தால் தரையெல்லாம் ரேடியேட்டரின் சிவப்புத் தண்ணீர். சுருக்கில் எலியும் செத்துக் கிடந்தது. சென்னை மெக்கானிக்குக்கு நான் போனில் முதலில் கிட்டி என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. அவர் கேட்டுவிட்டு, லாரியில் ஏற்றி அனுப்பச் சொன்னார். சிரிப்பை அடக்கியிருப்பார்.

வண்டியை லாரியில் ஏற்றியபோது தெருவே கூடி நின்றது. போனால் போகட்டும் என்று சம்பாவில் வந்ததைப் போட்டுச் சரி செய்தேன். யாரிடமும் கை நீட்டவில்லை. வண்டி திரும்பி வந்த வாரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து உரக்கடை மச்சான் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் தஞ்சாவூரில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். மாப்பிள்ளை அழைப்புக்கு இப்படி ஒரு வண்டி வேண்டுமாம். சுற்றிப் பார்த்தார், நியாயமான விலையும் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், என் மனது பாதி இறங்கிவிட்டது. பக்கத்துச் சீட்டில் ஏற ஆளில்லாத வண்டியை எவ்வளவு நாள்தான் கட்டிக்கொண்டு அழுவது?

அவர் நல்ல மனிதர், மனதில் கள்ளம் இல்லாமல்தான் அடுத்ததைச் சொன்னார்.

"வண்டியோட நீங்களும் வந்துருங்க பாய். இத வேற யாரு ஓட்டுவா? முகூர்த்த நாளுக்கு மட்டும் வந்தா போதும். யூனிஃபார்ம் நாங்களே தச்சுக் குடுத்துடுறோம்."

மச்சானின் முகம் மலர்ந்துவிட்டது. வண்டிக்கு விலையும் ஆயிற்று, எனக்கு ஒரு வேலையும் ஆயிற்று. அந்த நிமிஷம் என் முதுகில் குவைத்து பிளாஸ்டிக் உறை ஒட்டி வேர்த்தது.

டீ கொண்டுவந்த என் மனைவி தட்டை மேஜையில் வைத்தாள். தம்பியைப் பார்க்கவில்லை, வந்தவரைத்தான் பார்த்தாள்.

"இந்த வண்டிக்கு டிரைவர் கிடையாதுங்க. சொந்தக்காரர்தான் இருக்காரு. அவரு விக்கல."

மச்சான், "அக்கா..." என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் அதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"என்னங்க, கீழ்வேளூர் வரைக்கும் போவணும். சாவிய எடுங்க."

கீழ்வேளூரில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும். வந்தவர் டீயைக் குடித்துவிட்டு, மரியாதையாகவே எழுந்து போனார். அவர் கார் தெருவைத் தாண்டும் முன்பே நான் ஷெட்டுக்குப் போய் வண்டியை எழுப்பி வெளியே கொண்டுவந்தேன். கதவுக்குக் கைப்பிடி எங்கே என்று அவள் தேடினாள். நான் இறங்கிப் போய்த் திறந்துவிட்டேன். ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்குக் கதவு திறந்த கைதான்.

உட்காரும் முன் அவள் என் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சீட்டில் விரித்தாள். அழுக்காகிவிடுமாம்.

எனக்கு வந்த கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அந்தத் துண்டை உருவிப் பின்சீட்டில் எறிந்தேன்.

"சும்மா உக்காரு," என்றேன்.

உட்கார்ந்தாள். தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது. எரியட்டும் என்று கிளம்பினேன்.