அண்ணாவின் குரலில் கூப்பிட்டேன்

அண்ணா இறந்தபின் அவருடைய நாய் டைகரை நோபல் பார்க்கிலுள்ள எங்கள் வீட்டில் நாங்கள்தான் வளர்க்கிறோம். ஒரு வார இறுதியில் அதையும் காரில் ஏற்றிக்கொண்டு, சிட்னியில் இருக்கும் அண்ணியிடம் குடும்பமாகப் போனோம். திரும்பும்போது டைகர் அண்ணா வழக்கமாக உட்காரும் கதிரையடியை விட்டு எழும்பவே இல்லை.

“விடுங்கோ, நான் கூப்பிடுறன்,” என்றேன். கல்யாண வீடுகளில் அண்ணாவைப்போலப் பேசிக்காட்டிக் கைதட்டு வாங்கிய கோமாளி நான். வாசலில் நின்று அவர் குரலில், “டேய் டைகர், வாடா, போவம்!” என்றேன்.

டைகர் பாய்ந்து வந்தது. என்னைத் தாண்டி ஓடி, காரைச் சுற்றிச் சுற்றித் தேடியது. அதன் பின்னாலேயே அண்ணியும் குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார்.

“இஞ்சாருங்கோ, வந்திட்டீங்களோ?”

பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு திறமாக நான் ஒருநாளும் நடித்ததில்லை.

அன்றிலிருந்து நான் வாய் திறந்தாலே டைகர் எனக்குப் பின்னால் பார்க்கிறது. நானும் திரும்பிப் பார்க்கிறேன்.